கிளீனிங் லீட் ஆப் 8 மாசம் யூஸ் பண்ணேன்: வேலை வருது, வேணாம்னு சொல்லத்தான் விட மாட்டேங்குது (2.5/5)

தர்மபுரில தனியா வீட்டு கிளீனிங் வேலை எடுத்து பண்றேன், வர்ற தை வந்தா நாலு வருஷம். அதுக்கு முன்னாடி ஒரு ஆஸ்பத்திரில ஹவுஸ்கீப்பிங்ல இருந்தேன், மாச சம்பளம், சூப்பர்வைசர் கை காட்டுற எடத்த தொடைக்கணும், அவ்ளோதான். இப்ப நானும் என் நாத்தனாரும், ஒரு ஸ்கூட்டி, ஒரு வாக்குவம் மெஷின், ரெண்டு பக்கெட் நிறைய பிரஷ்ஷு, இதான் எங்க கம்பெனி. முதல்ல எல்லாம் ஒருத்தர் சொல்லி ஒருத்தர்னு தான் வேலை வந்துச்சு, நடுவுல ஒரு ஆடி மாசம் போனே அடிக்கல, அந்த பயத்துல தான் இந்த ஆப்ல சேந்தேன். ஆப்போட பேர் போடல. போட்டா எனக்கு பஞ்சாயத்து பண்ண நேரம் இல்ல, இந்த தொழில்ல இருக்கறவங்களுக்கு எதுன்னு படிக்கும்போதே புரியும்.

எப்படின்னா, நாம காசு கட்டி காயின் ரீசார்ஜ் பண்ணிக்கணும். கஸ்டமர் யாராச்சும் "வீடு கிளீன் பண்ணணும்"னு போட்டா நமக்கு அலர்ட் வரும், நாம அக்சப்ட் அமுக்குனா தான் அவங்க நம்பர் தெரியும், அமுக்குன நிமிஷமே காயின் போயிடும். எனக்கு ஒரு லீடுக்கு, அதாவது ஒரு கஸ்டமர் நம்பருக்கு, 120ல இருந்து 180 ரூபா வரைக்கும் போச்சு. நல்லதையும் சொல்லிடறேன், எட்டு மாசத்துல 61 லீடு எடுத்தேன், 34 வேலை முடிஞ்சுது, அதுல ஒம்போது வீடு இப்பவும் ரெகுலரா நேரா எனக்கே கூப்பிடுறாங்க. கிருஷ்ணகிரி பக்கம் எனக்கு ஒருத்தரையும் தெரியாது, அங்க நாலு வீடு கிடைச்சது இந்த ஆப்னால தான். அந்த வகைல பொய் சொல்ல மாட்டேன், வேலை வருது.

ஆனா நம்பர் கைக்கு வந்து பேசினதுக்கு அப்புறம் இது நமக்கு ஆகாதுன்னு தெரிஞ்சா ரெண்டு மணி நேரத்துக்குள்ள ரிஜெக்ட் பண்ணணும், அதுக்கு மேல போனா கேன்சல்னு கணக்கு, ஸ்கோர் இறங்கும், மாசத்துல மூணு கேன்சல் ஆச்சுன்னா லிஸ்ட்ல நம்ம பேரு கடைசிக்கு போயிடும். நேர்ல போய் பாத்துட்டு வேணாம்னு திரும்பி வந்தா கேக்கவே வேணாம். ரிஜெக்ட் பண்ண காரணம் கேக்கும், அதுல மூணே மூணு ஆப்ஷன்: "தூரம்", "தேதி ஒத்துவரவில்லை", "மற்றவை". நான் எட்டு மாசமா மற்றவைல தான் குடும்பம் நடத்திட்டு இருக்கேன்.

ஒரு வேலைய ஏன் வேணாம்னு சொல்றோம்ங்கறது வெளிய இருக்கறவங்களுக்கு திமிரா தெரியும். "வீடு கூட்ட வந்தவளுக்கு சாய்ஸ் வேறயா"ன்னு என் காது படவே ஒருத்தர் சொல்லிருக்காரு. அதனால ரெண்டு மூணு வீட்ட பத்தி கொஞ்சம் விவரமாவே எழுதறேன்.

கிருஷ்ணகிரி ராயக்கோட்டை ரோடு பக்கம் ஒரு புது வீடு. ஆப்ல "2 பெட்ரூம், சாதாரண கிளீனிங்"னு இருந்துச்சு. தர்மபுரில இருந்து ஐம்பது கிலோமீட்டர் கிட்ட, ரெண்டு பேரும் காலைல ஆறரைக்கு கிளம்பி போனா மாடி வீடு, உள்ள எலக்ட்ரீசியன் இன்னும் செவத்துல டிரில் போட்டுட்டு இருக்காரு, தரையெல்லாம் சிமெண்ட் சொட்டு, பெயிண்ட் சொட்டு, நாளன்னைக்கு கிரகப்பிரவேசமாம். சரி அது கூட பரவால்ல, ரேட்ட மாத்தி பேசிக்கலாம்னு நெனச்சேன். பூஜை ரூம் முழுக்க வெள்ளை மார்பிள். அந்த சார் ஒரு கேன் ஆசிட்ட கொண்டு வந்து வச்சு, "இத ஊத்தி தேச்சா ஒரே நிமிஷம், மேஸ்திரி சொல்லிட்டாரு"ங்கறாரு. டைல்ஸ்ல சிமெண்ட் படிஞ்சிருந்தா நல்லா தண்ணி ஊத்தி நனைச்சிட்டு, ஆசிட்ட நல்லா தண்ணி கலந்து பண்ணலாம், உடனே கழுவிடணும், நானே பண்ணிருக்கேன். மார்பிள் அப்படி இல்ல, அது சுண்ணாம்பு கல்லு ஜாதி, ஆசிட் பட்டா நுரைச்சு அரிச்சிடும். எலுமிச்சம்பழம் பட்டாலே மங்கி போற கல்லு அது.

சொன்னா நம்பல. மூலைல வெட்டி மிச்சமான மார்பிள் துண்டு ஒண்ணு கெடந்துச்சு, அத எடுத்து வாசல்ல வச்சு குச்சில தொட்டு ரெண்டு சொட்டு விட்டேன். புஸ்ஸுன்னு நுரைச்சுது. கொஞ்ச நேரம் விட்டு தண்ணி ஊத்தி தொடச்சு வெயில்ல சாச்சு காமிச்சேன், சுத்தி பளபளன்னு இருக்கு, நடுவுல ஒத்த ரூபா சைஸுக்கு சுண்ணாம்பு அடிச்ச மாதிரி மங்கலா ஒரு வட்டம். எலக்ட்ரீசியன் அண்ணா கூட இறங்கி வந்து தடவி பாத்தாரு. சார் பாத்தாரு, பாத்துட்டு சொல்றாரு, "அது கட்டிங் பீஸும்மா, உள்ள போட்டிருக்கறது இத்தாலி கல்லு, ஒண்ணும் ஆகாது, நீ ஊத்து". நான் "சார், உங்க வீடு, நீங்க ஊத்திக்கோங்க, என் கையால வேணாம்"னு சொல்லி சாமானெல்லாம் திரும்ப ஸ்கூட்டில கட்டிட்டு வந்துட்டேன். 180 காயின், பெட்ரோல், ரெண்டு பேரோட ஒரு நாள் கூலி, அதுக்கு மேல ஒரு கேன்சல். அந்த பூஜை ரூம் அப்புறம் என்ன ஆச்சுன்னு எனக்கு தெரியாது. ஆனா நான் ஊத்தி மங்கி போயிருந்தா காசு யார் கிட்ட கேட்டிருப்பாங்கன்னு நல்லாவே தெரியும்.

அடுத்தது நம்ம ஊர்லயே. போன்ல பேசும்போதே அந்தம்மா "நீ எந்த ஊரு, ஊர்ல எந்த பக்கம்"னு ரெண்டு தடவ கேட்டாங்க. அந்த ரெண்டாவது கேள்விக்கு அர்த்தம் நம்ம ஜில்லால எல்லாருக்கும் தெரியும். தெரிஞ்சும் போனேன், அது குழு லோன் தவணை கட்டற வாரம். ரெண்டு பாத்ரூம், கிச்சன், சிம்னி. ஒம்போது மணிக்கு ஆரம்பிச்சோம். பதினொரு மணிக்கு டீ வந்துச்சு, ஏசி ரிப்பேருக்கு வந்த தம்பிக்கு சில்வர் டம்ளர், எங்க ரெண்டு பேருக்கும் பேப்பர் கப்பு. அதையும் முழுங்கிட்டேன், டீயோட சேத்து. பன்னெண்டரைக்கு நாத்தனாருக்கு அவசரம், நான் போய் "அம்மா, பாத்ரூம் போய்க்கட்டுமா"ன்னு கேட்டேன். எந்த பாத்ரூம்? அரை மணி நேரம் முன்னாடி நான் முட்டி போட்டு டைல்ஸ் இடுக்கெல்லாம் பழைய டூத் பிரஷ்ஷால தேச்சு முடிச்ச பாத்ரூம். அவங்க கோவமா எல்லாம் பேசல, ரொம்ப சாதாரணமா, "பஸ் ஸ்டாண்ட் பக்கம் தானே, அங்க கட்டண கழிப்பிடம் இருக்கே"ன்னாங்க.

வேலைய பாதில விட்டுட்டு வரல. முடிச்சோம், 1,400 ரூபா வாங்கினோம், வந்துட்டோம். அன்னைக்கு நைட்டே அவங்க எனக்கு அஞ்சு ஸ்டார் போட்டாங்க, "நீட் வொர்க், நல்ல பொண்ணு"ன்னு எழுதி. தீபாவளிக்கு முன்னாடி மறுபடியும் அதே வீட்ல இருந்து புக்கிங், ரிஜெக்ட் பண்ணேன், மற்றவை. அப்ப ஆப்ல இருந்து ஒரு பொண்ணு கூப்பிட்டு, "மேடம், இந்த கஸ்டமர் உங்களுக்கு ஃபைவ் ஸ்டார் குடுத்தவங்க, ஏன் வேணாம்ங்கறீங்க, ஏதாச்சும் பேமெண்ட் இஷ்யூவா?"ன்னு கேட்டுச்சு. பேமெண்ட்ல ஒரு கொறையும் இல்லம்மான்னேன். "அப்ப ரீசன் என்னன்னு போடட்டும்?" அந்த பொண்ணு கிட்ட நடந்தத சொன்னேன். கொஞ்ச நேரம் சத்தமே இல்ல, அப்புறம் மெதுவா "தேதி ஒத்துவரலன்னு போட்டுக்கறேன் மேடம்"னுச்சு. அந்த பொண்ணு மேல எனக்கு கோவம் இல்ல, அதுக்கு குடுத்த லிஸ்ட்ல அவ்ளோதான் இருக்கு. கஸ்டமர் நம்மள பத்தி ஸ்டார் போடலாம், போட்டோ போடலாம், நாலு வரி எழுதலாம். நாம கஸ்டமர பத்தி ஒரு வரி எழுத இந்த ஆப்ல எடமே கெடையாது. அடுத்து அந்த வீட்டுக்கு போன பொண்ணும் அதே பஸ் ஸ்டாண்டுக்கு தான் நடந்திருக்கும்.

செப்டிக் டேங்க் கதை ஒண்ணு. காவேரிப்பட்டணம் பக்கம் வீடு கிளீனிங்னு போனா, மதியத்துக்கு மேல "அப்படியே பின்னாடி டேங்க் மூடிய தொறந்து அடச்சிருக்கறத குத்தி விட்டுடு, ஒரு ஆள உள்ள எறக்குனா போதும், தனியா ஐநூறு தர்றேன்"னாரு. இதுக்கு யோசிக்கவே தேவையில்ல. கையால மலம் அள்ள வைக்கறத தடை பண்ற 2013 சட்டப்படி செப்டிக் டேங்க்ல பாதுகாப்பு இல்லாம மனுஷன எறக்குறதே குத்தம், முதல் தடவைக்கே ரெண்டு வருஷம் வரைக்கும் ஜெயில் இல்ல ரெண்டு லட்சம் வரைக்கும் ஃபைன், இல்ல ரெண்டுமே, அதுவும் எறக்குனவங்களுக்கு. இப்படி செத்து போனா குடும்பத்துக்கு 30 லட்சம் குடுக்கணும்னு 2023 அக்டோபர்ல சுப்ரீம் கோர்ட் சொல்லிருக்கு. இத அவர் கிட்ட சொன்னேன், நகராட்சில கேட்டு லைசென்ஸ் இருக்கற லாரிய கூப்பிடுங்க, மெஷின் வச்சு உறிஞ்சிடுவாங்கன்னும் சொன்னேன். "லாரிக்கு காசு ஜாஸ்திம்மா"ன்னாரு. கஸ்டமர் கேருக்கு சொன்னா, "கஸ்டமர் கிட்ட பேசி அட்ஜஸ்ட் பண்ணிக்கோங்க மேடம்". என்னத்த அட்ஜஸ்ட் பண்றது?

ப்ளீச்சிங் பவுடர் மேல ஆசிட் ஊத்த சொல்றவங்களும் இதே லிஸ்ட் தான். ரெண்டும் சேந்தா குளோரின் புகை வரும், கதவ சாத்துன சின்ன பாத்ரூம்ல அது வெளையாட்டு இல்ல. ஒரு வீட்ல நான் போறதுக்கு முன்னாடியே அவங்க ப்ளீச்சிங்க தூவி வச்சிருந்தாங்க, நல்ல வேளை மூக்குக்கு தெரிஞ்சுது.

நானே போய் மாட்டிக்கிட்டதும் இருக்கு. பாலக்கோடு பக்கம் ஒரு வீடு, அவரு போன்ல அரை மணி நேரம் பேரம், போன தடவ வந்தவன் சரியில்ல, அதுக்கு முந்தி வந்தவளும் சரியில்ல, எல்லாம் பிராடு பசங்கங்கறாரு. ரெண்டு பேர திட்டுறவரு மூணாவதா நம்மளயும் திட்டுவாருன்னு அப்பவே உள்ள மணி அடிச்சுது, ஆனா கேன்சல் ஏற்கனவே ரெண்டு ஆயிருந்துச்சு அந்த மாசம். அவராவே வேணாம்னு சொல்லட்டும்னு புத்திசாலித்தனமா 3,500 ரூபா வேலைக்கு 7,000 சொன்னேன். மனுஷன் "சரி வா"ன்னுட்டாரு! போனேன். காலைல ஏழு மணில இருந்து ராத்திரி எட்டரை வரைக்கும், ஃபேன் றெக்க ஒவ்வொண்ணா விரலால தடவி பாக்கறாரு, ஏழாயிரம் குடுக்கறோம்ல ஏழாயிரம் குடுக்கறோம்லன்னு சொல்லி சொல்லி கார் ஷெட்டு, மொட்ட மாடி, தண்ணி டேங்க் வரைக்கும் வந்துட்டாரு. கடைசில ஆயிரம் புடிச்சிட்டு தான் குடுத்தாரு. எங்க அம்மா சொல்லும், கழுத வேணாம்னா அவுத்து விடு, வெல ஏத்தி சொல்லாதன்னு.

ரொம்ப நொட்ட சொல்றவங்க எல்லாரையும் நான் ஒதுக்கறதில்ல, இத சொல்லியே ஆகணும். பாரதிபுரத்துல ஒரு ரிட்டயர்டு டீச்சரம்மா, அதுவும் ஆப்ல வந்தவங்க தான். நாம தொடைக்க தொடைக்க பின்னாடியே வருவாங்க, "அந்த மூல, அந்த மூல"ன்னு குச்சி வச்சு காட்டுவாங்க, நாத்தனார் மொத நாள் அழுதே போச்சு. ஆனா அவங்களுக்கு என்ன வேணும்னு அவங்களுக்கு தெரியும், சொன்னத முடிச்சா அதுக்கு மேல ஒரு வேலை சேக்க மாட்டாங்க, மணி ஒண்ணு ஆனா அவங்களோட உக்காந்து சாப்பிடணும், சாப்பிடலன்னா அதுக்கும் திட்டு. அன்னைல இருந்து இன்னிக்கு வரைக்கும் அவங்க சொன்னா தட்டாம போறேன். மொத நாள் திட்டுனதுக்கே விட்டிருந்தா நல்ல வீடு போயிருக்கும். சிரிச்சு சிரிச்சு பேசி "நம்ம வீடு மாதிரி நெனச்சுக்கோ"ன்னு சொல்ற வீட்ல தான் எனக்கு இது வரைக்கும் பாக்கி நிக்குது.

இப்ப நான் என்ன பண்றேன்னா மொதல்ல வீட்ட ஒரு வீடியோ எடுத்து வாட்ஸப்ல அனுப்ப சொல்றேன். வீட்ல அன்னைக்கு யார் இருப்பாங்கன்னு கேக்கறேன், ஆம்பள ஒருத்தர் மட்டும் இருப்பாருன்னா ரெண்டு பேரா மட்டும் தான் போவோம், தனியா வாங்கன்னு அழுத்தி சொன்னா போனே வச்சிடுவேன், அதுக்கு காரணம் சொல்லவும் மாட்டேன். 500 ரூபா அட்வான்ஸ் ஜிபே பண்ண சொல்றேன், இதுலயே பாதி வம்பு காணாம போயிடும். ஆனா ஆப் வழியா வந்தா அட்வான்ஸ் வாங்க கூடாதுன்னு ரூல் போட்டிருக்காங்க, வாங்கினா அக்கவுண்ட் ப்ளாக்.

அப்புறம் குழாய் டெஸ்ட்டு. நம்ம ஊருக்குன்னே நான் கண்டுபுடிச்சது. ஒகேனக்கல் கூட்டு குடிநீர் 2013ல வந்ததுக்கு அப்புறம் குடிக்க காவேரி தண்ணி வருது, ஆனா நெறைய வீட்ல குளிக்க கழுவ இன்னும் போர் தண்ணி தான், குழாய், ஷவர், டைல்ஸ் எல்லாம் வெள்ள வெள்ளயா உப்பு கட்டிக்கும். (நெறைய பேரு இத ஃப்ளோரைடுன்னு நெனச்சிட்டு இருக்காங்க. பல்லுல வர்ற கற தான் ஃப்ளோரைடு, குழாய்ல இருக்கறது தண்ணி கடினமா இருக்கறதால படியற உப்பு.) எல்லாருக்கும் அது வாங்கின அன்னைக்கு இருந்த மாதிரி மின்னணும். நான் போனதும் ஒரே ஒரு குழாய்ல வினிகர்ல நனச்ச துணிய சுத்தி வைப்பேன், அரை மணி நேரம் கழிச்சு பழைய பிரஷ்ஷால தேச்சு கழுவி காமிப்பேன். மேல படிஞ்ச உப்பு போயிடும், ஆனா குரோம் முலாம் ஏற்கனவே உரிஞ்சி போயிருந்தா அது திரும்ப வராது, அத நான் இல்ல, யாராலயும் தேச்சு கொண்டு வர முடியாது. அந்த ஒரு குழாய பாத்துட்டு "பரவால்லயே"ன்னு சொன்னா வேலைய ஆரம்பிப்பேன். "அவ்ளோதானா?"ன்னு மூஞ்சிய சுளிச்சா, "ஆமாங்க அவ்ளோதான், இதுக்கு மேல எதிர்பாத்தீங்கன்னா நான் ஒத்துவர மாட்டேன்"னு சொல்லி அங்கயே முடிச்சிக்குவேன். சண்ட இல்ல, அரை மணி நேரமும் கொஞ்சம் வினிகரும் தான் நஷ்டம். ஆப்ல இதுவும் கேன்சல்.

எல்லா நாளும் இப்படி வெறப்பா இருக்க முடியுமான்னா முடியாது. ஆடிலயும் மார்கழிலயும் கிரகப்பிரவேசம் கெடையாது, புது வீட்டு வேலை சுத்தமா நின்னுடும், அந்த மாசத்துல நான் எடுத்த வேலைங்கள பத்தி கேக்காதீங்க. மார்கழி கடைசில போகிக்கு முன்னாடி ஒரு வாரம் மட்டும் எல்லாருக்கும் ஒரே நாள்ல வேணும். அதனால ஒரு சீட்டு கட்டறேன், அத ஆடில எடுக்கற மாதிரி பாத்துக்கறேன். அந்த காசு கைல இருக்கற வருஷம் என் வாய்ல இருந்து "வேணாங்க" ஈஸியா வருது, இல்லாத வருஷம் தொண்டைலயே நிக்குது.

சரி, ரிவ்யூவுக்கு வர்றேன். புதுசா தொழில் ஆரம்பிக்கறவங்க, ஊர்ல ஆள் பழக்கம் இல்லாதவங்க ஒரு ஆறு மாசம் இத யூஸ் பண்ணலாம், நெறைய ரீசார்ஜ் போடாதீங்க, சின்ன பேக் போதும். "தர்மபுரி"ன்னு வர்ற லீடு பென்னாகரமா கூட இருக்கும், அரூரா கூட இருக்கும், அக்சப்ட் அமுக்கறதுக்கு முன்னாடி மேப்ல ஜூம் பண்ணி பாத்துக்கோங்க. நல்ல கஸ்டமர் கெடச்சா வேலை முடிச்ச அன்னைக்கே உங்க கார்டு குடுத்திடுங்க. வேலை குடுக்கறதுக்கு மூணரை ஸ்டார், நம்மள நடத்தற விதத்துக்கு ஒண்ணரை, கூட்டி ரெண்டால வகுத்துக்கோங்க.

எனக்கு இன்னும் 310 காயின் மிச்சம் இருக்கு. ரீஃபண்ட் கெடையாதாம், கேட்டுட்டேன். இத டைப் பண்ணிட்டு இருக்கும்போதே ஒரு அலர்ட் வந்துச்சு, "3 பெட்ரூம், மார்பிள் தரை, அவசரம், இன்றே". நாத்தனார் எட்டி பாத்துட்டு "அண்ணி, போன கீழ வைங்க"ங்குது.